அணியும் உறையும்: மென்பொருளில் சேவை அழைப்புகளைக் காத்தல் பற்றிய ஒரு நோக்கு

1. வினா

உருவத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் இடையிலான தொடர்பு பற்றிய விவாதம் எமது இலக்கிய உலகுக்குப் புதியதன்று. அணி என்பது பொருளின்மேற் புறத்தேயிருந்து பூட்டப்படுவதா, அன்றிப் பொருளோடு பிரிக்கவொண்ணாதவாறு இயைந்து நிற்பதா என்னும் வினாவைத் தமிழாய்வாளர் பல்வேறு நிலைகளில் நின்று ஆராய்ந்துள்ளனர். இலக்கியத்தோடு தொடர்பற்றதெனப் பொதுவாகக் கருதப்படும் கணினி மென்பொருட்டுறையிலும் இதே வினா வேறொரு கோலத்தில் எழுந்துள்ளது. அங்கு அது கோட்பாட்டு வினாவாக மட்டும் நின்றுவிடவில்லை. அதற்கு அளிக்கப்படும் விடையைப் பொறுத்தே ஒருவரின் பணம் ஒருமுறை கழிக்கப்படுமா, இருமுறை கழிக்கப்படுமா என்பதும், பழுதுற்ற சேவையொன்று சில நிமிடங்களில் மீளுமா, பல மணித்தியாலங்கள் முடங்கிக் கிடக்குமா என்பதும் அமைகின்றன.

மென்பொருளாளர் 'டெக்கரேற்றர்' என வழங்கும் அமைப்பே இங்கு எமது ஆய்வுப்பொருள். அலங்கரிப்பது, அணி செய்வது என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். இவ்வமைப்பைக் கொண்டு சேவை அழைப்புகள் எங்ஙனம் காக்கப்படுகின்றன, அக்காப்பின் எல்லைகள் யாவை என்பவற்றை விளக்குவதும், அணி எனப் பெயர்பெற்ற இது உண்மையில் அணிதானா என வினவுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. தோற்றம்

எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ப் ஜோன்சன், ஜோன் விலிசிடிஸ் ஆகிய நால்வரும் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட மென்பொருள் வடிவமைப்பு நூல் இத்துறையில் ஓர் எல்லைக்கல்லாகக் கொள்ளப்படுகிறது. 1976இல் சீன அரசியலில் வீழ்த்தப்பட்ட குழுவினருக்கு வழங்கிய 'நால்வர் கும்பல்' என்னும் பெயரையே இந்நால்வருக்கும் மென்பொருளாளர் வேடிக்கையாகச் சூட்டிவிட்டனர். அடிக்கடி மீண்டெழும் வடிவமைப்புப் பிரச்சினைகளுக்கான தீர்வுகளைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு விளக்குவது அந்நூலின் முறையாகும். அவ்வாறு பெயர்பெற்றவற்றுள் ஒன்றே டெக்கரேற்றர்.

அவர்கள் காட்டிய உதாரணம் கருதத்தக்கது. கணினித் திரையில் எழுத்துகளைக் காட்டும் ஒரு பகுதி உள்ளது. அதற்கு ஒரு கரை வேண்டும். மேலும் கீழும் நகர்த்துவதற்கு ஒரு பட்டையும் வேண்டும். எழுத்துப் பகுதியின் செய்நிரலைத் திருத்தாது, அதனை ஒரு கரையினுள்ளும், அக்கரையை ஒரு நகர்த்துபட்டையினுள்ளும் வைத்துவிடலாம். ஒவ்வோர் உறையும் உள்ளிருக்கும் பொருளைப் போன்றே வெளியுலகுக்குத் தோற்றும். அழைப்பவர் உறையை அழைக்கின்றாரா, உள்ளிருப்பதை அழைக்கின்றாரா என்பதை அறியவேண்டியதில்லை. இவ்வுதாரணத்தில் அணி என்னும் பெயர் முற்றிலும் பொருந்துகிறது. கரை இல்லாவிடினும் எழுத்து எழுத்தே. எனினும் நூலாசிரியர்கள் இதே அமைப்புக்கு 'உறை' எனப் பொருள்படும் மாற்றுப் பெயரொன்றையும் தந்துள்ளனர். அணி, உறை ஆகிய இவ்விரு பெயர்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடே எமது விவாதத்தின் மையமாகும். அணி காட்சிக்குரியது, உறை காப்புக்குரியது.

பத்தாண்டுகளின் பின்னர், 2004 நவம்பரில் வெளிவந்த பைதன் மொழியின் 2.4ஆம் பதிப்பு இதனையொத்த வசதியொன்றை மொழியின் இலக்கணத்திலேயே சேர்த்தது. ஒரு செயற்கூற்றின் தலைப்புக்கு மேல், மின்னஞ்சல் முகவரிகளில் வரும் சுழற்குறியையும் உறையின் பெயரையும் ஒரே வரியில் எழுதிவிட்டால், அச்செயற்கூறு அவ்வுறையினுள் வைக்கப்பட்டுவிடும். டெக்கரேற்றர் என்ற பெயர் நால்வரின் நூல் வழக்கோடு ஒத்துவரவில்லை என்னும் முறைப்பாட்டை அவ்வசதியை முன்மொழிந்த ஆவணமே பதிவுசெய்துள்ளது. பெயர் பற்றிய ஐயம் தொடக்கத்திலிருந்தே இருந்து வந்துள்ளது என்பது இதனாற் பெறப்படும்.

3. அழைப்பு பொய்க்கும் விதம்

சேவை அழைப்பு என்பது யாது? புத்தக விற்பனை நிலையமொன்றின் செய்நிரலை எடுத்துக்கொள்வோம். வாசகர் ஒருவர் நூலொன்றை வாங்குகிறார். அச்செய்நிரல், வேறோரிடத்தில் வேறொரு கணினியில் இயங்கும் வங்கியின் கட்டணச் சேவைக்குச் செய்தியொன்றை அனுப்பி, விடைக்காகக் காத்திருக்கிறது. செய்நிரலில் இது ஒரேயொரு வரி. பக்கத்து வரியில் இரண்டு எண்களைக் கூட்டும் செயற்கூறு எவ்வாறு அழைக்கப்படுகிறதோ, அவ்வாறே இதுவும் அழைக்கப்படுகிறது.

இந்த ஒற்றுமை தோற்றமளவிலானதே. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜிம் வால்டோவும் அவருடைய சகாக்கள் மூவரும் 1994இல் வெளியிட்ட கட்டுரையொன்று இதனை வன்மையாக எடுத்துரைத்தது. அருகிலுள்ள பொருளையும் தொலைவிலுள்ள பொருளையும் ஒன்றெனக் காட்ட முனையும் வடிவமைப்புகள் தவறானவை என்பது அவர்களின் வாதம். தொலைவில் அழைக்கும்போது தாமதம் உண்டு. எல்லாவற்றினும் மேலாகப் பகுதித் தோல்வி உண்டு. தன் கணினிக்குள் நிகழும் அழைப்பு ஒன்றில் நிறைவேறும் அல்லது தவறும். தொலைவழைப்புக்கோ மூன்றாவது நிலையொன்று உளது: விடை வரவில்லை. கோரிக்கை வழியில் தொலைந்ததா, வங்கி அதனைப் பெற்று நிறைவேற்றிய பின் விடைதான் தொலைந்ததா என்பதை அழைத்தவர் தன்னிடத்தில் இருந்துகொண்டு அறிய முடியாது. தொலைவழைப்பின் உள்ளார்ந்த இயல்பே இது.

இத்தகைய அழைப்புகள் ஒரு பெரிய செய்நிரலில் நூற்றுக்கணக்கில் இருக்கலாம். ஒவ்வோர் அழைப்பைச் சூழவும் காத்தல், மீள முயலல், பதிவுசெய்தல் ஆகியவற்றை மீண்டும் மீண்டும் எழுதினால், புத்தகம் விற்றல் என்னும் கருப்பொருள் அவற்றினுள் அமிழ்ந்துபோகும். ஓரிடத்தில் திருத்தியது மற்றோரிடத்தில் விடுபடும். கிரெகர் கிக்ஸாலிஸ் முதலியோர் 1997இல் முன்வைத்த நோக்குசார் செய்நிரலாக்கம், இவ்வாறு பல பகுதிகளையும் ஊடறுத்துச் செல்லும் கருமங்களைத் தனியே பிரித்தெழுத முனைந்தது. டெக்கரேற்றர் அதே தேவையை எளிய முறையில் நிறைவேற்றுகிறது. காப்பு ஓரிடத்தில் எழுதப்படுகிறது. வேண்டிய செயற்கூறுகளின்மேல் ஒரு வரியாற் போர்த்தப்படுகிறது. இது மறுக்கவியலாத பயனாகும்.

4. நான்கு உறைகள்

பெருவழக்கிலுள்ள உறைகளை நான்காக வகுத்து நோக்கலாம்.

முதலாவது காலவரம்பு. விடைக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை இவ்வுறை வரையறுக்கிறது. இதன் அவசியத்தை எளிய கணக்கொன்றால் விளக்கலாம். ஒரு சேவையகம் ஒரே வேளையில் 200 கோரிக்கைகளைக் கையாளவல்லது எனவும், வினாடிக்கு 100 கோரிக்கைகள் வருகின்றன எனவும் கொள்வோம். வங்கி பத்திலொரு வினாடியில் விடை தந்தால், எவ்வேளையிலும் பத்து இடங்களே நிரம்பியிருக்கும். வங்கி விடைதராது மௌனமாகிவிட்டால், இரண்டே வினாடிகளில் 200 இடங்களும் நிரம்பிவிடும். அதன்பின் வங்கியோடு எவ்விதத் தொடர்புமின்றி நூற்பட்டியலை மட்டும் பார்க்க வந்தவருக்கும் இடமில்லை. மறுத்துரைக்கும் சேவையைவிட மௌனம் சாதிக்கும் சேவையே அதிக கேடு விளைக்கும்.

இரண்டாவது மீள்முயற்சி. கணப்பொழுதுத் தடங்கல்களை இது எளிதிற் கடக்கச் செய்கிறது. ஆயினும் நான்கினுள் மிகவும் அபாயகரமானதும் இதுவே. விற்பனைச் செய்நிரல், அதன் கீழுள்ள கட்டணப் பகுதி, அதற்கும் கீழுள்ள வங்கித் தொடர்புப் பகுதி ஆகிய மூன்றும் தனித்தனியே மூன்று முறை முயலுமாறு உறையிடப்பட்டிருப்பின், வாசகரின் ஒரேயொரு கோரிக்கை வங்கியை 27 முறை தட்டும். ஏற்கெனவே சுமை தாங்காது தள்ளாடும் சேவைமீதே இவ்வடி விழுகிறது.

இவ்வாபத்து மென்பொருளாளருக்குப் புதியதன்று. 1986 ஒக்ரோபரில் இணையத்தில் நெரிசற் சரிவு ஏற்பட்டபோது, ஏறத்தாழ 400 யார் இடைவெளியில் அமைந்த லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்துக்கும் இடையிலான வேகம் வினாடிக்கு 32,000 பிற்றுகளிலிருந்து 40 பிற்றுகளாக வீழ்ந்ததை வான் ஜேக்கப்சன் 1988இல் எழுதிய கட்டுரை பதிவுசெய்கிறது. தோல்வி கண்டவர் உடனே மீள முயலாது, ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருக்கும் நேரத்தை இரட்டித்துச் செல்லுதல் 1970களில் ஈதர்நெற் வலையமைப்பிலேயே கையாளப்பட்ட வழியாகும். அக்காத்திருப்பில் ஒரு தற்செயற் பங்கும் கலந்திருத்தல் வேண்டும். அன்றேல் ஒரே கணத்தில் தோற்றவர் அனைவரும் ஒரே கணத்தில் திரும்பி வந்து வாயிலில் நெரிபடுவர்.

அண்மைக்கால உதாரணமொன்று இதனை உறுதிப்படுத்துகிறது. 2015 செப்ரெம்பர் 20ஆம் திகதி, அமேசன் நிறுவனத்தின் வேர்ஜீனியா வட்டாரத்திலுள்ள டைனமோடிபி தரவுச் சேவையில் சிறியதொரு வலையமைப்புத் தடங்கல் ஏற்பட்டது. களஞ்சியச் சேவையகங்கள் பல ஒரே வேளையில் தத்தமது பொறுப்பு விபரங்களை உள்ளகச் சேவையொன்றிடம் கேட்டன. அவ்விபரங்கள் முன்னரிலும் பருத்திருந்தமையால், அனுமதிக்கப்பட்ட காலவரம்பினுள் விடை வரவில்லை. விடை பெறாதவை தம்மைப் பணியிலிருந்து விலக்கிக்கொண்டு, மீண்டும் மீண்டும் கேட்டன. தடங்கல் நீங்கிய பின்னும் நெரிசல் நீங்கவில்லை. உள்ளகச் சேவையின் கொள்ளளவைப் பெருக்குவதற்கே அச்சுமை இடந்தராமற்போக, கோரிக்கைகளை நிறுத்திவைத்த பின்னரே பொறியியலாளரால் அதனைச் சீர்செய்ய முடிந்தது. காலவரம்பும் மீள்முயற்சியும் காப்புக்காகவே அமைக்கப்பட்டவை. ஆயினும் நோய் தொடர்வதற்கு அவையே காரணமாயின.

மூன்றாவது சுற்றுடைப்பான். வீட்டு மின்னிணைப்பில் 'பிரேக்கர்' என நாம் அறிந்ததன் பெயரையும் கருத்தையும் இது தழுவியது. மைக்கல் நைகார்ட் 2007இல் எழுதிய நூலின் வாயிலாக இது மென்பொருளாளரிடையே பரவியது. தோல்விகள் ஓர் எல்லையைக் கடந்ததும் இவ்வுறை திறந்துகொள்ளும். அதன்பின் அழைப்புகளை வெளியே விடாது உடனடியாக மறுத்துவிடும். சிறிது நேரத்தின் பின் ஓர் அழைப்பை மட்டும் பரீட்சார்த்தமாக அனுப்பும். அது வெற்றிபெறின் மீண்டும் மூடிக்கொள்ளும். நெற்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2012இல் பொதுப் பாவனைக்கு விட்ட ஹிஸ்ட்ரிக்ஸ் என்னும் மென்பொருளின் இயல்பமைப்பில், 10 வினாடிகளுள் குறைந்தது 20 அழைப்புகள் நிகழ்ந்து அவற்றுள் 50 வீதம் தோல்வியுறின் சுற்று 5 வினாடிகளுக்குத் திறந்திருக்கும். 2018இல் அந்நிறுவனம் ஹிஸ்ட்ரிக்ஸை மேலும் வளர்ப்பதை நிறுத்திக்கொண்டது. அதன் தூண்டுதலால் எழுந்த ரெசிலியன்ஸ்4ஜே என்னும் ஜாவாத் தொகுதி, டெக்கரேற்றர் முறையையே வெளிப்படையாகக் கைக்கொள்கிறது.

நான்காவது மாற்று விடை. அழைப்பு தவறினால் அதற்குப் பதிலாக வேறொன்றைத் தருவது இது. நூற் பரிந்துரைச் சேவை தவறினால் பொதுவான பட்டியலொன்றைக் காட்டுவதில் தீங்கில்லை. வங்கிச் சேவை தவறும்போது 'பணம் பெறப்பட்டது' என்பதையோ, நேற்றைய கணக்கு மீதியையோ காட்டுவது முற்றிலும் வேறானதொரு செயல். முன்னையது குறைந்த சேவை, பின்னையது பொய்.

5. வரிசையும் பொருளும்

ஒரு செயற்கூற்றின்மேற் பல உறைகளை அடுக்கும்போது அவற்றின் வரிசை பொருளை மாற்றுகிறது. 2 வினாடிக் காலவரம்பு மீள்முயற்சியின் உள்ளே அமையின், ஒவ்வொரு முயற்சிக்கும் 2 வினாடிகள். மூன்று முயற்சிக்கு 6 வினாடிகளும் இடைக் காத்திருப்பும் செல்லும். வெளியே அமையின், எல்லா முயற்சிகளுக்கும் சேர்த்தே 2 வினாடிகள். முதலாம் முயற்சி மௌனத்தில் முடிந்தால் இரண்டாவதற்கு நேரமே இராது.

சுற்றுடைப்பானுக்கும் இது பொருந்தும். மீள்முயற்சிக்கு வெளியே அது நிற்கும்போது, மூன்று முயற்சிகளும் தோற்ற பின்னரே ஒரு தோல்வி எண்ணப்படும். நோயுற்ற சேவை அதற்கிடையில் மும்மடங்கு தாக்கப்பட்டிருக்கும். உள்ளே நிற்கும்போது ஒவ்வொரு முயற்சியும் எண்ணப்பட்டு, சுற்று விரைவில் திறக்கும். ஆனால் 'சுற்று திறந்துள்ளது' என்னும் மறுப்பைக் கண்டு மீள முயலக்கூடாது என்பதை வெளியுறைக்கு அறிவுறுத்துதல் வேண்டும். இவ்விரு வரிசைகளும் செய்நிரலில் இரண்டு வரிகள் மேல்கீழாக மாறியிருப்பதாக மட்டுமே தோன்றும். கரையையும் நகர்த்துபட்டையையும் இடம்மாற்றினால் மாறுவது தோற்றம்; இங்கு மாறுவது நடத்தை.

6. உறை அறியவேண்டியது

உறையின் சிறப்பு அது உள்ளடக்கத்தைத் தொடாமையே எனப் பொதுவாகக் கூறப்படும். தொடாமை வேறு, அறியாமை வேறு என்பதே எமது நிலைப்பாடு.

ஒரு செயலை ஒருமுறை செய்தாலும் பலமுறை செய்தாலும் விளைவு ஒன்றேயெனின் அதனை அச்சமின்றி மீள முயலலாம். நூலின் விலையைக் கேட்டறிதல் அத்தகையது. 'முகவரியை இதுவென வை' என்பதும் அத்தகையது. 'ஆயிரம் ரூபாவைக் கழி' என்பது அவ்வாறன்று. விடை வராத கழிப்பை மீள முயலும் உறை, வாசகரிடம் இருமுறை பணம் பெறக்கூடும். இதற்குப் பரிகாரம் உறையில் மட்டும் இல்லை. ஒவ்வொரு கொள்வனவுக்கும் தனித்த இலக்கமொன்றை இட்டு, அதே இலக்கத்துடன் மீண்டும் வரும் கோரிக்கையை வங்கி இனங்கண்டு, முதலில் தந்த விடையையே திருப்பித் தருதல் வேண்டும். அதாவது காப்பு உறையில் தொடங்கினாலும் அழைக்கப்படும் சேவையின் உள்ளடக்கத்திலேயே நிறைவுபெறுகிறது. இவ்வேற்பாடின்றி மீள்முயற்சி உறையைப் போர்த்துபவர் சேவையைக் காக்கவில்லை. தவறின் பாரத்தை மூன்றாமவர் ஒருவர்மீது இறக்கிவைக்கின்றார்.

அம்மூன்றாமவர் யார் என்பதைப் பிரித்தானியத் தபால் நிலையங்களின் ஹொரைசன் கணக்கு முறைமை காட்டுகிறது. 2015 ஒக்ரோபரில் ஸ்கொட்லாந்தின் டல்மெலிங்ரன் கிளையில், 8,000 பவுண் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்ய முனைந்தபோது திரை உறைந்து நின்றது. விசை மீண்டும் அழுத்தப்பட்ட ஒவ்வொரு தடவையும் அதே பணம் புதிதாகப் பெறப்பட்டதென முறைமை பதிந்துகொண்டது. ஈற்றில் 24,000 பவுண் இல்லாத பணமாகக் கணக்கில் நின்றது. இங்கு மீள முயன்றது டெக்கரேற்றர் அன்று, மனிதரின் விரல். எனினும் தருக்கம் ஒன்றே: விடை வரவில்லை, மீள முயலப்பட்டது, மீண்டது ஒரே கோரிக்கை என்பதை உள்ளிருந்த முறைமை அறியவில்லை.

இது ஹொரைசனின் பல வழுக்களுள் ஒன்று மாத்திரமே. அம்முறைமை காட்டிய பற்றாக்குறைகள் தொடர்பாக 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். கணக்குகளைப் பிழையாக்கவல்ல வழுக்கள் அதில் இருந்தன என 2019 டிசம்பரில் இங்கிலாந்தின் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024இல் சட்டமியற்றியே பெருந்தொகையான தீர்ப்புகள் நீக்கப்பட்டன. வெளியே ஒழுங்காகத் தோன்றிய கணக்கினுள் நடந்ததை அறியும் வழி கிளையை நடத்தியவரிடம் இருக்கவில்லை. ஆயினும் பதில் சொல்லவேண்டியவராக அவரே நிறுத்தப்பட்டார்.

இதிலிருந்து பிறிதொரு தேவையும் பெறப்படும். உறை தான் செய்ததை மறைத்தலாகாது. எத்தனை முறை முயன்றது, எப்போது சுற்றைத் திறந்தது, எந்த விடை மாற்று விடை என்பவற்றை அது பதிந்து வைத்தல் வேண்டும். மூன்றாம் முயற்சியிலேயே எப்போதும் வெற்றிபெறும் அழைப்பு, வெளியே வெற்றியாகவே தோன்றும். அதனுள்ளே சேவையொன்று மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருப்பதை எவரும் அறியார்.

7. முடிவு

தொகுத்து நோக்குமிடத்து, டெக்கரேற்றர் திரையின் ஓரத்துக்குக் கரையிடும் அணியாகத் தோன்றி, இன்று தொலைவழைப்புகளின் சுமையைத் தாங்கும் உறையாக மாறியிருப்பதைக் காண்கின்றோம். பெயர் பழையது, பணி புதியது. அப்பழைய பெயர், காப்பு என்பது பின்னர் ஒரு வரியிற் சேர்த்துக்கொள்ளத்தக்க அலங்காரம் என்னும் மயக்கத்தை இன்றும் நிலைநிறுத்துகிறது.

எந்த உறையும் தோல்வியை ஒழிப்பதில்லை. தோல்வி எப்போது, எவ்வடிவில், எவர்மீது விழும் என்பதையே அது தீர்மானிக்கிறது. காலவரம்பு காத்திருப்பவரை விடுவிக்கிறது. அளவற்ற மீள்முயற்சி பாரத்தைச் சேவைமீது சுமத்துகிறது. சுற்றுடைப்பான் சேவைக்கு ஓய்வளித்து, பயனரைத் திருப்பியனுப்புகிறது. மாற்று விடை, நேர்மையற்றதாயின், பயனரையே ஏமாற்றுகிறது. ஆகவே ஓர் அழைப்பின்மேல் உறையிடுமுன் கேட்கவேண்டியவை மூன்று: இச்செயல் மீள நிகழ்ந்தால் என்னாகும்? இவ்வுறை எவ்வுறையின் உள்ளே, எதன் வெளியே நிற்கிறது? இது தவறும்போது அதன் விலையைக் கொடுப்பவர் யார்? உள்ளடக்கத்தை அறியாத எவராலும் இவற்றுக்கு விடைகூற முடியாது. உருவம் உள்ளடக்கத்துக்குப் புறம்பானதன்று என்னும் முடிவுக்கு இலக்கிய ஆய்வு நெடிய விவாதத்தின் பின்னரே வந்து சேர்ந்தது. மென்பொருளிலோ அதனை மறந்தவரின் தவறு, அத்தவறோடு தொடர்பேதுமற்ற ஒருவரின் கணக்கிற் பற்றாக்குறையாகப் பதியப்படுகிறது.